தண்ணீர் வாங்காத பரிசோதகர்

எங்கள் கடைக்கு வந்த முதல் நாளே அவர் தண்ணீர் வேண்டாம் என்றார்.

நான் நீட்டிய கிளாசின் வாயை உள்ளங்கையால் மெல்ல மூடினார். "வேண்டாம் தங்கச்சி, குடிச்சிட்டு வந்தனான்" என்றார். குரலில் ஒரு கடுமையும் இல்லை. பிறகு சமைக்கிற குசினியைப் பார்க்கலாமா என்று என் கணவரிடம் கேட்டார். அவர்தான் எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த சுகாதாரப் பரிசோதகர். ஊரில் எல்லாரும் பி.எச்.ஐ என்றே சொல்வார்கள்.

எங்கள் கடை வேலணையிலிருந்து குறிகட்டுவானுக்குப் போகும் வீதியில் இருக்கிறது. நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற சனம் படகு ஏறுமுன் இறங்கிச் சாப்பிடும். காலையில் இடியப்பம், தோசை. பின்னேரம் வடை, தேநீர். கணவர் முன்னால் நிற்பார். மாமி, அதாவது அவருடைய தாய், ஒரு மூலையில் இருந்து தேங்காய் துருவுவார். நான் குசினிக்குள். எனக்கு ஆட்களோடு கதைக்கக் கூச்சம். குசினி வாசலில் தொங்கும் சீலைக்குப் பின்னால் நின்றுதான் பெரும்பாலும் மனிதரைப் பார்த்திருக்கிறேன். யார் கிளாசை எப்படி எடுக்கிறார்கள் என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

ஒரு கிளாஸ் தண்ணீருக்கு இவ்வளவு கதையா என்று வெளியூர் ஆட்கள் நினைக்கலாம். மாமியின் இளவயதில் இந்தப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் எங்கள் ஆட்களுக்கென்று தனியாக ஒரு தகரப் பேணி வைத்திருந்தார்களாம். அது கடைக்கு வெளியே கம்பியில் தொங்கும். ஊர்க் கிணற்றில் நாங்களாக அள்ள முடியாது. யாராவது வந்து ஊற்றும்வரை குடத்தோடு நிற்க வேண்டும். இப்போது அப்படி இல்லை. எல்லாரும் எங்கள் கடைக்கு வருகிறார்கள். ஆனால் சிலர் பொதி கட்டிக்கொண்டு போவார்களே தவிர இருந்து சாப்பிடமாட்டார்கள். இருந்து சாப்பிட்டாலும் சிலர் தண்ணீரைத் தொடாமல் சோடா உடைக்கச் சொல்வார்கள். வாயால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கை சொல்லிவிடும்.

அன்று அவருடைய மோட்டார் சைக்கிள் மதவடிப் பாலத்தில் திரும்பு முன்னமே மாமி சொன்னார்.

"வாய் நீங்கள் எண்டுது. கை வேண்டாமெண்டுது. நான் காணாத ஆக்களே!"

உண்மைதான், அவர் எங்களை 'நீங்கள்' என்றுதான் அழைத்தார். அவருக்கு முந்திய பரிசோதகர் கணவரை மரியாதை குறைத்து 'நீர்' என்பார், மாமியை 'எணேய்' என்பார். ஆனால் மூன்று வாய் தேநீர் குடித்துவிட்டுப் போவார். குசினிப் பக்கம் திரும்பியும் பாரார்.

இவர் பார்த்தார். அவர் பார்க்கிற விதத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பாத்திரத்தின் உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார், அதன் அடியைத் தடவுவார். மேசையின் மேற்பக்கத்தை விட்டுவிட்டு, குனிந்து கீழ்ப்பக்கத்தைப் பார்ப்பார். மேசை துடைக்கும் துணியை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். மூக்கைச் சுளிக்கமாட்டார். "இதை இண்டைக்கு அவிச்சுப் போடுங்கோ" என்பார், ஏதோ கிழங்கு அவிக்கச் சொல்வது போல. கடையில் சனம் இருந்தால் உள்ளே வரவே மாட்டார். எதிரே பூவரச மரத்தின் கீழ் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதன் செயினைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி ஆள் கை கழுவிப் போன பிறகுதான் வருவார். அந்தச் செயினில் ஒரு பிழையும் இல்லை என்பது எங்களுக்குத் தெரிய நெடுங்காலம் ஆனது. சாப்பிடுகிற ஆட்களுக்கு முன்னால் கடைக்காரனிடம் பிழை சொல்லக்கூடாது என்பது அவர் எண்ணம்.

பிழை கண்டால் சத்தம் போடமாட்டார். "பிறகும் ஒருக்கா வருவன்" என்று மட்டும் சொல்வார். வருவார். எந்த நாள் என்று தெரியாது. மழையிலும் வந்திருக்கிறார், கடலால் வீசுகிற சோளகக் காற்றில், போட்டிருந்த சேட்டு வயிறுபோல் ஊத வந்திருக்கிறார்.

அவர் ஒருவர் வீட்டிலும் வாய் நனைக்கவில்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊருக்குத் தெரிந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். சந்தியில் பேக்கரி வைத்திருக்கிறவர், "அவருக்குச் சீனி வருத்தம்" என்றார். தான் வருசப் பிறப்புக்குக் கொடுத்தனுப்பிய கேக் பெட்டி கட்டவிழ்க்காமலே திரும்பி வந்ததாம். கனடாவிலிருந்து வந்து பழைய வீட்டைத் திருத்திக் கட்டியவர், இளநீர் வெட்டி வைத்தும் தொடவில்லை என்று கோபப்பட்டார். "தலைக்கனம்" என்றார். அவருடைய புதுத் தண்ணீர்த் தொட்டியில் நுளம்புக் குடம்பிப் புழு இருந்ததைப் பரிசோதகர் கண்டுபிடித்திருந்தார். வேறொருவர், "யாரும் மருந்து போட்டு வசியம் செய்துபோடுவினம் எண்டு பயம்" என்றார். அவரவர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள்.

நயினாதீவுத் திருவிழாக் காலத்தில் அவருக்கு இறங்குதுறையில் கடமை. அங்கே ஒரு சர்பத் கடைக்காரன் மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸை உடைத்துச் சர்பத்தில் போட்டிருக்கிறான். வெயிலில் காய்ந்து வந்த சனம் வரிசையில் நிற்கிறது. இவர் வரிசையில் போய் நின்றாராம். தன் முறை வந்ததும் கிளாசை வாங்காமல், கடைக்காரனின் காதுக்குள் ஏதோ சொன்னாராம். கடைக்காரன் தானே தன் கையால் பெரல் முழுவதையும் மணலில் கவிழ்த்துவிட்டு, "சர்பத் முடிஞ்சுது, சனங்களே!" என்று கத்தினானாம். அவனுக்கும் மானம் போகவில்லை, சனத்துக்கும் வயிறு போகவில்லை. இதைப் பேக்கரிக்காரர் எங்கள் கடையில் இருந்து சொல்லிச் சிரித்தார்.

"அது மட்டுமே? அண்டைக்கு முழுக்க அன்னதானச் சமையலைப் பாத்துக்கொண்டு நிண்டவர். ஒரு பருக்கை வாயில வைக்கேல்லை. அங்கையும் அப்பிடித்தான்."

கணவர் மாமியைப் பார்த்தார். எல்லாருக்கும் அப்படித்தானே என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. பேக்கரிக்காரர் போகும்வரை மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். போனதும் சொன்னார்.

"அங்கை குடிக்காட்டி அது கண்ணியம். இஞ்சை குடிக்காட்டி அது சாதி. ரெண்டும் ஒண்டே?"

நான் அடுப்படிக்குத் திரும்பினேன்.

பிரச்சினை புகையால் வந்தது.

எங்கள் கடைக்குப் பின்பக்கம், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முன்பள்ளி. எங்கள் குசினி அடுப்பு அந்த வேலியோரம்தான். பனைமட்டையும் காய்ந்த பனங்கொட்டை ஊமலும் எரிப்போம். மாரியில் எல்லாம் நனைந்து கிடக்கும், இலேசில் பற்றாது. அப்போது நெருப்பு மூட்ட ஒரு பிளாஸ்டிக் சொப்பின் பையைக் கொளுத்தி உள்ளே போடுவது வழக்கம். கடைக்கு வருகிற சாமான் எல்லாம் சொப்பின் பையில்தானே வருகிறது. தீ சட்டென்று பிடிக்கும். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். புகை கொஞ்சம் கறுப்பாக எழும்பி ஓலைக்கு மேலால் போகும். எங்கே போகிறது என்று நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் அவர் முன்பள்ளிப் பக்கத்தால் வந்தார். கணவரைப் பின்பக்கம் கூப்பிட்டுத் தன் சுட்டுவிரலைக் காட்டினார். விரல் நுனி கறுத்திருந்தது.

"பிள்ளையள் இருக்கிற வாங்குப் பலகையைத் தடவினனான் தம்பி."

"றோட்டால பஸ் போகுது சேர். பஸ் புகையாயிருக்கும்."

"பஸ் புகையில சொப்பின் மணக்காது தம்பி. அங்கை ரெண்டு பிள்ளைக்கு மூச்சு இழுப்பு. ரீச்சர் சொன்னவ. பையைக் கொளுத்துறதை இண்டையோட விடுங்கோ. அடுப்புக்கு மேல ஒரு குழாய் வைச்சு, கூரைக்கு மேலால புகையை எடுங்கோ. மாரி முடியட்டும், பிறகும் ஒருக்கா வருவன்."

பையைக் கொளுத்துவதை நான் அன்றே விட்டேன். ஆனால் புகைக்குழாய் வைக்கக் கணவர் சம்மதிக்கவில்லை. தகரமும் கிடைக்கும், செய்கிற ஆளும் பக்கத்தில் இருந்தார். அது பிரச்சினை இல்லை. "எங்கட தண்ணி வேண்டாம், எங்கட புகை மட்டும் மணக்குதாம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கதையை வீட்டில் எடுக்க முடியவில்லை. கடைப் பதிவைப் புதுப்பிக்கப் பரிசோதகருடைய கையெழுத்து வேண்டும். அது இல்லாவிட்டால் கடை பூட்ட வேண்டியதுதான். எங்களுக்கு வேறு வருமானம் இல்லை. இதெல்லாம் கணவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அசையவில்லை.

பரிசோதகர் இரண்டாம் முறை வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். "இன்னும் வைக்கேல்லைப் போல" என்றார். கணவர் மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். கிளாசை மூடினார்.

மூன்றாம் முறை மாசி மாதம், ஒரு மத்தியானம். பூவரசின் கீழ் செயினைப் பார்த்துக் களைத்து, கடைசி ஆள் போன பிறகு உள்ளே வந்தார். முகமெல்லாம் வியர்வை. இந்த முறை மாமியே எழும்பினார். கிளாசைக் கழுவி, நிறைய வார்த்து, அவர் இருந்த மேசையில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. அங்கேயே நின்றார்.

அவருடைய கை தானாகவே எழும்பிக் கிளாசின் மேல் வந்தது.

"வேண்டாமம்மா, குடிச்சிட்டு வந்தனான்."

"எங்கை குடிச்சனீங்கள் சேர்?" என்றார் கணவர். "அரை மணித்தியாலமா அந்த மரத்துக்குக் கீழ நிக்கிறியள். எங்கை குடிச்சனீங்கள்? உங்களுக்கு எங்கட தண்ணி இறங்காது எண்டு நேர சொல்லுங்கோவன். நாங்கள் உந்தப் பழக்கம் தெரியாத ஆக்களே!"

"என்ன தம்பி சொல்லுறியள்?"

அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. சீலைக்குப் பின்னால் நின்ற எனக்கு அவர் முகம் நேராகத் தெரிந்தது. விளங்காத முகம்தான் அது.

மாமி ஆறுதலாகச் சொன்னார். "மேனை, நான் சின்னப்பெட்டையா இருக்கேக்கை இந்தச் சந்தியில எங்களுக்கு ஒரு பேணி தொங்கினது. துருப்பிடிச்ச பேணி. குடிச்சுப்போட்டு நாங்களே கழுவித் தூக்கோணும். அந்தப் பேணியைக் கழட்டின ஆக்கள் செத்தும் போச்சினம். நீர் வந்து திருப்பிக் கொழுவிறீர்."

அவர் கிளாசின் மேலிருந்த கையை எடுத்தார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல மடியில் வைத்தார்.

"அம்மா, நான் வேலைக்கு வந்த புதிசில ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனனான்" என்றார். "நல்ல மனுசன். கதிரையைத் துடைச்சு இருத்தி, தேத்தண்ணி தந்தவர். குடிச்சன். குடிச்ச பிறகு அந்த மனுசன்ர குசினியை எட்டிப் பாக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது. பாக்காமல் வந்திட்டன். அடுத்த கிழமை அந்தக் கடையில சாப்பிட்ட ஆக்கள் ஆசுப்பத்திரி வாட்டு நிறையக் கிடந்தவை. அண்டைக்கு விட்டது. ஒருத்தர் வீட்டிலயும் குடிக்கிறேல்லை. எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினால் பிழை வராது எண்டு நினைச்சன். இப்பிடி ஒரு இடத்தில போய் இது குத்துமெண்டு... நான் யோசிக்கேல்லை. சத்தியமா யோசிக்கேல்லை."

"அப்ப இப்ப குடியுங்கோ" என்றார் கணவர்.

அவர் கிளாசைப் பார்த்தார். நான் அவர் குடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். ஒரு வாய் போதும். எங்கள் வீட்டில் அத்தனை மாதமாகப் புளித்துக் கிடந்தது எல்லாம் அந்த ஒரு வாயோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். அவர் எழும்பினார். வெளியே நடந்தார். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தீரா என்று கேட்டன அவர் கண்கள்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கவில்லை. அவர் திரும்பி வந்தார். கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி.

"இது என்ர மனுசி கட்டித் தந்த சோறு. இன்னும் சாப்பிடேல்லை" என்றார். மாமிக்கு முன்னால் மேசையில் வைத்தார். "அம்மா, உங்கட தண்ணியை நான் குடிச்சால் நாளைக்குப் பேக்கரியிலயும் குடிக்கோணும். அந்தக் கனடாக்காரற்ற இளநியையும் குடிக்கோணும். அது என்னால ஏலாது. இதைக் குழைச்சுத் தாங்கோ. உங்கட கையால தாங்கோ. நாங்கள் எல்லாரும் சாப்பிடுவம்."

குழையல் என்றால் எங்களுக்குத் தெரியும். ஒருவர் சோற்றையும் கறியையும் ஒன்றாகக் குழைத்துத் திரணை திரணையாகப் பிடித்து மற்றவர் கையில் வைப்பது. வீட்டு ஆட்களுக்குள் நடப்பது அது. வெளி ஆள் ஒருவர், அதுவும் உத்தியோகத்தர், மாமியின் கைக் குழையலைக் கேட்டதை அந்த வீதியில் ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள். மாமி அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு பெட்டியின் மூடியைத் திறந்து சோற்றில் கை வைக்கப் போனார்.

"பொறுங்கோ பொறுங்கோ" என்றார் அவர். "நகத்தைக் காட்டுங்கோ."

மாமி அப்படியே நின்றார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை போல இரண்டு கையையும் நீட்டினார்.

"வெட்டோணும். இப்போதைக்குச் சவர்க்காரம் போட்டு, மணிக்கட்டு மட்டும் நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்கோ."

"உம்மோட பெரிய கரைச்சல் மேனை" என்றுவிட்டு மாமி போய்க் கழுவினார். கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முகத்தைத் திருப்பினார்.

முருங்கைக்காய்க் கறி, பருப்பு, கொஞ்சம் மாசிக் கருவாட்டுச் சம்பல். மாமி குழைத்து முதல் திரணையை அவர் கையில் வைத்தார். அவர் ஒரு பருக்கையும் சிந்தாமல் சாப்பிட்டார். அடுத்தது கணவருக்கு. பிறகு மாமி சீலைப் பக்கம் திரும்பி, "வாவன் பிள்ளை, என்ன ஒளிச்சுக்கொண்டு நிக்கிறாய்" என்றார். நான் வெளியே வந்தேன். வீட்டு ஆண்களைத் தவிர வேறு ஓர் ஆணின் முன்னால் நான் அதுவரை சாப்பிட்டதில்லை. கையை நீட்டினேன்.

"உம்மட மனுசிக்கு உப்புக் கூடிப்போச்சு" என்றார் மாமி, தானும் ஒரு வாய் வைத்தபடி.

"ஓம் அம்மா. அங்கை மட்டும் எனக்குப் பிழை பிடிக்க ஏலாது."

பெட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு ஆளின் சாப்பாடு, நாலு பேர் சாப்பிட்டோம். அவருக்கு வயிறு நிறைந்திருக்காது. எழும்பிக் கை கழுவினார், லேஞ்சியால் துடைத்தார், பையைத் திறந்து கடதாசியை எடுத்தார். அதே மேசையில் இருந்து எழுதத் தொடங்கினார்.

"என்ன சேர் எழுதுறியள்?" என்றார் கணவர்.

"புகைக்குழாய் வைக்கும்வரைக்கும் இந்த அடுப்பை மூட்டக்கூடாது. கடையைத் திறக்க ஏலாது. மூண்டு தரம் சொல்லிப்போட்டன் தம்பி."

மாமி சத்தமாகச் சிரித்தார். மூச்சு வாங்கும்வரை சிரித்தார்.

"என்ர கையால திண்ட ஈரம் காயேல்லை, அதுக்குள்ள என்ர கடையைப் பூட்டுறார்! எடேய், கையெழுத்தைப் போடடா" என்று மகனிடம் சொன்னார். "இந்த மனுசன் பெத்த தாய்க்கும் இதைத்தான் எழுதும்."

கணவர் கையெழுத்துப் போட்டார். அன்று பின்னேரமே தகர வேலைக்காரரைக் கூட்டிவரப் போனார். குழாய் ஏறிய பிறகு பரிசோதகர் வந்து, ஏணியில் ஏறிப் பார்த்து, பதிவுக்குக் கையெழுத்து வைத்தார். பிறகு வன்னிப் பக்கம் மாற்றலாகிப் போகும்வரை எத்தனையோ தடவை வந்தார். எங்கள் கடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நாங்களும் வைக்கவில்லை.

கடை பூட்டிய அடுத்த நாள் காலைதான் எனக்கு அதிகம் நினைவில் நிற்கிறது. பழக்கத்தில் விடியவே எழும்பிக் குசினிக்குப் போனேன். அடுப்பை மூட்டக்கூடாது, வேலிக்கு மேலால் புகையும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்றேன். முன்பள்ளி தொடங்கும் நேரம், அந்தக் கட்டிடத்தில் எங்கள் பக்கம் பார்த்திருந்த யன்னல் கிறீச்சிட்டுத் திறந்தது. அது ஆணி அடித்து மூடிய யன்னல் என்றே அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ரீச்சர் இரண்டு கதவையும் சுவரோடு தள்ளிக் கொக்கி கொழுவினார். உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.